மூன்று மணி அலாரம்

பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முடியை அள்ளிச் செருகினாய். காதோரம் நரை தெரிந்தது. "கவலைப்பட்டா உடம்புல இருக்கிற செல்லே கிழடாயிடுமாம், நிஜமாம்மா?" என்று கேட்டுவிட்டு, குழந்தை கூப்பிட்டதும் போனை வைத்துவிட்டாய். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள் நான், உனக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டாமா?

குடியாத்தம் பெரியம்மா வீட்டில் புதுச்சேலை முந்தானைக்குக் குஞ்சம் முடிவார்களே, இழை பிரியாமல் இருக்க? செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் நுனியிலும் அப்படி ஒரு காப்பு இருக்கிறது. டெலோமியர் என்று பெயர். செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அது கொஞ்சம் குட்டையாகும். ரொம்பக் குட்டையானால் அந்த செல் பிரிவதை நிறுத்திவிடும், செல் கிழடாவது என்பது அதுதான். தேய்ந்த நுனியை மறுபடி வளர்க்கும் நொதி டெலோமரேஸ். டெலோமியர் எப்படிக் காக்கிறது என்பதையும் இந்த நொதியையும் கண்டுபிடித்ததற்குத்தான் எலிசபெத் பிளாக்பர்ன் உட்பட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2009இல் நோபல் கொடுத்தார்கள்.

கவலைப்பட்டால், சிறுநீரகத்தின் தலையில் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது கெட்டது இல்லை. நடுராத்திரி அடங்கி, விடியும்போது ஏறி, நாம் எழுந்து நடமாட உடம்பைத் தயார்படுத்துவது அதுதான். ஆபத்தில் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றித் தெம்பு தருவதும் அதுதான். ஏறினது இறங்காமலே இருப்பதுதான் கெடுதல். 2008இல் கலிபோர்னியாவில் நோய் எதிர்ப்பு செல்களைக் கார்டிசாலில் வைத்துப் பார்த்தார்கள். டெலோமரேஸின் வேலை குறைந்துபோனது.

அதற்கு முன்பே, 2004இல், பிளாக்பர்னும் எலிசா எபெல் என்ற உளவியல் ஆய்வாளரும் 58 தாய்மார்களைப் பரிசோதித்தார்கள். அதில் 39 பேர் உன்னைப் போல, நீண்ட நாள் நோயுள்ள பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள். மன அழுத்தம் மிக அதிகம் என்று சொன்னவர்களின் டெலோமியர், மிகக் குறைவு என்றவர்களைவிடக் குறைந்தது பத்து வயது கூடினதுபோல் குட்டையாக இருந்தது. இதைப் படித்துத்தான் பயந்திருப்பாய். ஆனால் அதே ஆய்வில், நோயுள்ள பிள்ளையின் தாய் என்பதாலேயே டெலோமியர் குட்டையாகிவிடவில்லை. சராசரியில் மற்ற தாய்மார்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எத்தனை வருடமாகச் சுமக்கிறார்கள், அந்தச் சுமை அவர்களை எவ்வளவு அழுத்துகிறது, இதைப் பொறுத்துத்தான் மாறியது. சின்ன ஆய்வுதான், இதனால்தான் அது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் எனக்கு அது மனதில் நின்றுவிட்டது.

ஏனென்றால் உன் பாட்டி படுக்கையில் கிடந்த நான்கு வருடமும் நான் யாரையும் கிட்டே விடவில்லை. உன் அத்தை சத்துவாச்சாரியில் இருந்து வாரத்தில் இரண்டு நாள் வருகிறேன் என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீம்பாகச் சொன்னேன். ராத்திரி இரண்டு முறை புரட்டிப் படுக்க வைக்க எழுவேன், காலையில் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். பாட்டி போன பிறகும் ஒரு வருடம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அது நான் செய்த தப்பு, பாப்பா. உனக்கும் அதே பிடிவாதம் இருப்பது எனக்குத் தெரியும்.

நரை பற்றியும் சொல்கிறேன். 2021இல் வந்த ஒரு ஆய்வில், விடுமுறைக்குப் போய் வந்த ஒருவருக்கு நரைத்த ஐந்து முடிகள் மறுபடி கறுத்திருந்தன. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. போனது எல்லாமே போனதுதான் என்று நீ நினைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு விஷயம். நம் தெரு நர்ஸம்மாவிடம் குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரை பார்க்கக் கற்றுக்கொண்டேன். என் விரலிலேயே குத்திப் பழகினேன், இப்போது கை நடுங்குவதில்லை. குழந்தைக்குச் சர்க்கரை இறங்கினால் எவ்வளவு குளுக்கோஸ் கொடுக்க வேண்டும், எப்போது உன்னை எழுப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வை. இன்சுலின் உன் கையிலேயே இருக்கட்டும். ராத்திரி குழந்தையின் சர்க்கரையைப் பார்க்க நீ வைக்கிற மூன்று மணி அலாரத்தை மட்டும் என் போனுக்கு மாற்றிவிடு.

புதன்கிழமை காட்பாடியில் ரயில் ஏறுகிறேன், மதியம் பெங்களூரில் இருப்பேன். ஒரு மாதம் இருக்கப்போகிறேன், மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. முள்ளு கத்தரிக்காய் இரண்டு கிலோ எடுத்து வருகிறேன், அங்கே வாங்காதே.

அம்மா