டேய் பாஸ்கரா, நம்ம பொட்டி கெளம்புது

டேய் பாஸ்கரா,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, முட்டி வலி பரவாயில்லையா. பொங்கலுக்கு எழுதுறேன்னு சொன்னவன் ஆடியில எழுதுறேன், திட்டணும்னா திட்டிக்க, ஆனா முழுசா படிச்சுட்டு திட்டு. ஃபோன்ல சொல்லிருக்கலாம், ஆனா நீ ஃபோன்ல பாதி கேட்டுட்டு மீதிய நீயே பேசிருவ.

நம்ம டைப்படிக்கிற கடைல இருந்த கம்ப்யூட்டர் பொட்டியக் குடுக்கப் போறேன். பரண் மேல கெடந்துச்சே, அதான், பென்டியம் டூ, 64 எம்பி ரேம், 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், 99-ல உங்கப்பாகிட்ட வட்டியில்லாக் கடன் வாங்கி அசெம்பிள் பண்ணோமே. (வட்டியில்லாக் கடன்னு சொன்னாரே தவிர கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகைன்னு எத்தன அடிச்சு வாங்குனாரு மனுஷன்!) எதுத்த வீட்டு டீச்சர் பையன் பாலிடெக்னிக் கடைசி வருஷம், எங்க வீட்டு வைஃபை பாக்க வந்தவன் பரண எட்டிப் பாத்துட்டு "அங்கிள் இது பென்டியம் டூவா"ன்னு கேட்டான் பாரு, அம்பாள் தரிசனம் மாதிரி நின்னான். அவனுக்கு டாஸ் கேம் ஆடணுமாம், பழைய மெஷின்ல ஆடுனாதான் சவுண்டு சரியா வருமாம். உங்க தங்கச்சி அதுக்கு முன்னாடியே ரெண்டு வாட்டி இரும்புக் கடைக்காரர வரச் சொல்லிட்டா, எடைக்குப் போறதுக்கு இவன்கிட்டப் போகட்டும்னு சரின்னுட்டேன்.

ஆனா உள்ள இருக்கறத எடுக்காமக் குடுக்க முடியுமா? அங்க ஆரம்பிச்சதுதான், மூணு வாரமா வேற வேலை ஓடல.

கேபினெட்டத் தொறந்தா பல்லி முட்டை, ஒரு ஒட்டடைக் கோட்டை, உன்னோட தொலஞ்சு போன பேனா மூடி. நேரா கரண்ட் குடுத்துப் பாக்கலாம்னு நான் பிளக்கோட போனேன், பையன் கையப் புடிச்சுட்டான். இத்தன வருஷம் சும்மா கெடந்தது, கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் எகிறுனா டிஸ்க்கையும் சேத்துக் கொண்டு போயிரும், மொதல்ல டிஸ்க்க வெளிய எடுங்கன்னான். எடுத்தோம். அந்தக் கால ஐடிஇ டிஸ்க்க யூஎஸ்பில மாட்ட ஒரு அடாப்டர் வாங்குனேன், சுத்தவே இல்ல. நம்ம கதை முடிஞ்சுதுன்னு ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்புறம் பாத்தா பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியா வேணும், நான் வாங்குனது லேப்டாப் டிஸ்க்குக்கான சின்னது. தனி பவர் வெச்சது வாங்கிப் போட்டா ஒரு சத்தம் வந்துச்சு பாரு, "க்ரூ க்ரூ"ன்னு, காலைல கடை தொறந்ததும் வருமே அதே சத்தம், ஒரு நிமிஷம் நீ டீ சொல்லப் போயிருக்கன்னே நெனச்சுட்டேன்.

டிஸ்க்குக்குள்ள போயி ஒண்ணொண்ணா காப்பி பண்ணாதீங்க, மொத்தத்தையும் ஒரே ஃபைலா உருவிருங்க, அப்புறம் அதுல தேடிக்கலாம்னான். டிடிரெஸ்க்யூன்னு லினக்ஸ்ல ஒண்ணு இருக்கு, அது நல்லா இருக்கற எடத்த எல்லாம் மொதல்ல படிச்சு எடுத்துட்டு கெட்ட எடத்துக்குக் கடைசில திரும்பி வருது. பத்து நிமிஷ வேலை, பேட் செக்டார்ல, அதான் டிஸ்க்குல கெட்டுப்போன எடத்துல, மாட்டி மூணு மணி நேரம் ஆச்சு. மொத்தமே 4.3 ஜிபிடா! என் ஃபோன்ல காலை வணக்கப் படமே அதுக்கு மேல கெடக்கு.

சரி, வந்துருச்சுன்னு நாம இதழ் இதழா போட்டோமே, அந்தப் பத்திரிகை ஃபோல்டரத் தொறந்தேன். ஒரு எழுத்து தமிழ் இல்ல. ஜே கே பி ஓ செமிகோலன், ஜே கே பி ஓ செமிகோலன்னு வரிசையா நிக்குது. உனக்குப் புரிஞ்சிருக்கும், பாமினி ஃபான்ட்ல அதான் "தமிழ்". ஃபான்ட் இல்லாட்டி நம்ம எழுதுனது எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. நல்லவேளை விண்டோஸ்ல இருந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் அதே காப்பிலயே வந்துருந்துச்சு. நெட்ல கன்வெர்ட்டர் இருக்கு, பாமினிய இப்ப எல்லா ஃபோன்லயும் படிக்க முடியற யூனிகோடா மாத்திரும், ஆனா நடுவுல வர்ற இங்கிலீஷையும் சேத்து மாத்திரும், லெட்டர்ஹெட்ல fax-னு சின்ன எழுத்துல போட்டிருந்தது "கயஒ"ன்னு வந்து நிக்குது. (அந்த ஒரு வார்த்தைய மட்டும் இங்கிலீஷ்ல விட்டுட்டேன், மன்னிச்சுக்க, இல்லாட்டி ஜோக்கு புரியாது.) ஒரே ஃபான்ட்டா இருந்தாலும் பரவால்ல, நம்ம கடைல பாமினி கொஞ்சம், வானவில் கொஞ்சம், 99-ல கவர்மென்ட்டு டேம், டேப்னு ரெண்டு ஃபான்ட் முறை கொண்டாந்ததும் அது கொஞ்சம், இன்னொருத்தர் ஃப்ளாப்பில குடுத்த ஊர் பேர் தெரியாத ஃபான்ட் கொஞ்சம். கடைசியா சொன்னதுக்கு நானே உக்காந்து எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டேன், ரிட்டயர் ஆனவன் வேற என்ன செய்வான்.

பக்கம் கட்டுன பேஜ்மேக்கர் ஃபைல்தான் பெரிய தலைவலி. லிப்ரே ஆபீஸ்ல ஒரு மாதிரி தொறக்குது, லேஅவுட்டு கலஞ்சு போயிருது. அதனால பையன் ஒரு சிஎஃப் மெமரி கார்டுல மொத்த காப்பியையும் எறக்கி, சின்ன அடாப்டர் வெச்சு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா நம்ம பொட்டிலயே மாட்டிட்டான். வேற எஸ்எம்பிஎஸ், புது சிமாஸ் பேட்டரி, எஃப் ஒன்ன அமுக்குனா விண்டோஸ் 98 மேகத்தோட வந்து நிக்குதுடா. அங்கேயே பேஜ்மேக்கரத் தொறந்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர்னு ஒண்ணப் பொய்யா வெச்சு, பேப்பருக்குப் பதிலா ஃபைல்ல பிரிண்ட் குடுத்து, அத லேப்டாப்ல பிடிஎஃப் ஆக்குனோம். அஞ்சு இதழும் அச்சுல வந்த மாதிரியே இருக்கு. ஆறாவதும் இருக்கு. அது ஏன் வரலன்னு நான் மறுபடி ஆரம்பிக்கல, நீயும் ஆரம்பிக்காத.

கடைல நம்மகூட டைப் அடிச்ச சாமிநாதன் அண்ணனோடது எதுன்னு பாத்ததும் தெரியுது. "முயற்ச்சி". எத்தன தடவ சண்ட போட்டிருப்ப, "அண்ணே ற் வந்தா ச் வராதுண்ணே"ன்னு. டைப்ரைட்டர்ல யளனகபக அடிச்சுப் பழகுன வெரலு தம்பி, நிக்காதும்பாரு. கன்வெர்ட்டர் அதையும் பத்திரமா யூனிகோட்ல கொண்டாந்து வெச்சிருக்கு. திருத்தக் கை போச்சு, விட்டுட்டேன்.

இப்ப சொல்லப் போறதுக்குத்தான்டா லெட்டரே.

பையன் ஆர்வத்துல அழிஞ்ச ஃபைலத் தேடுற புரோகிராம் ஒண்ண ஓட்டிட்டான். "அங்கிள், டெலீட் பண்ணதெல்லாம் வருது"ன்னு கூப்புட்டான். வந்துச்சுடா. ஊர் ஜாதகம் பூரா வருது. யாரு பொண்ணுக்கு செவ்வா தோஷம், யாரு மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம், யாரு யாருகிட்ட எவ்வளவு கடன். அதுல ஒண்ண அவன் தொறக்கறான், கலெக்டருக்கு மனு, மூணு வரி பாத்ததும் எனக்கு ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. மஞ்சப்பையோட வந்து ஸ்டூல்ல உக்காந்து அழுதாங்களே, அண்ணன் காசு வாங்காம அடிச்சுக் குடுத்தாரே, அந்தம்மா. பிரிண்ட் எடுத்ததும் "தம்பி இத அழிச்சிருவீங்கல்ல, யாரும் பாக்க மாட்டாங்கல்ல"ன்னு கேட்டாங்க. அண்ணன் அவங்க கண்ணு முன்னாடியே டெலீட் அமுக்கிக் காட்டுனாரு. நீயும் பக்கத்துல நின்ன, ரீசைக்கிள் பின்னயும் காலி பண்ணச் சொன்னதே நீதான்.

அழியலடா. இத்தன வருஷமா அங்கேயே இருந்திருக்கு. அந்தக் கால விண்டோஸ்ல டெலீட்னா ஃபைல் பேரோட மொத எழுத்த மாத்திட்டு, இந்த எடம் காலின்னு குறிச்சு வைக்கும், அவ்வளவுதான். மேல வேற எதுவும் எழுதற வரைக்கும் உள்ள இருக்கறது அப்படியே கெடக்கும். நமக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. தெரியாம செஞ்சதுதான், இருந்தாலும் ஒரு மாதிரி இருக்கு. நான் லேப்டாப்ப மூடிட்டு அவன டீ வாங்க அனுப்பிட்டேன். நல்ல பையன்தான், ஆனா அந்தம்மா பேத்தி அவன் காலேஜ்லதான் படிக்குது.

இந்த பொட்டிய அப்படியே எடைக்குப் போட்டிருந்தா? நெனச்சாலே பகீர்ங்குது.

அதனால முடிவு பண்ணிட்டேன். பத்திரிகை, ஃபான்ட், நம்ம கடைக் கணக்கு மட்டும் தனியா ரெண்டு எடத்துல வெச்சாச்சு, ஒரு பென் டிரைவ் உனக்கு. ஊர்க்காரங்களோடது எதையும் நான் வெச்சுக்கறதா இல்ல, "பழைய ஞாபகம்"னு நமக்குத் தோணலாம், அது நம்ம ஞாபகம் இல்ல. கார்டுல மொத பைட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் ஜீரோ எழுதி, புதுசா 98 போட்டாச்சு, பையனுக்கு அதோடதான் போகுது. லேப்டாப்ல உருவி வெச்சதும் பழைய டிஸ்க்கும் சனிக்கிழமை ராத்திரி காலி. பேட் செக்டாருல ஜீரோ ஏறாதாம், அதனால டிஸ்க்குக்கு மட்டும் சுத்தியலும் எடுத்து வெச்சிருக்கேன்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. பிபின்னு ஒரு ஃபோல்டர், உன்னோடது. சத்தியமா தொறக்கல. பேர மட்டும் பாத்தேன், விஜி1, விஜி2ன்னு விஜி14 வரைக்கும் போகுது. எங்க காலேஜ் விஜியா, உங்க வீட்டு விஜியா, எனக்குத் தெரிய வேணாம். வேணும், வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. சனிக்கிழமை ஒம்பது மணிக்குள்ள சொல்லலைன்னா பதினாலும் ஜீரோதான், அப்புறம் என்னக் கேக்காத.

ஞாயித்துக்கிழமை காலைல பையன் வண்டியோட வர்றான். அந்த 15 இன்ச் மானிட்டர மாடிலேர்ந்து எறக்க இன்னொரு ஆளு வேணும், முடிஞ்சா முட்டிக்கு எண்ணெயத் தடவிக்கிட்டு சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸ புடி.

கணேசன்