நாடக வாசிப்பு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி, நாம் வாழும் பாரிஸ் நகரிலேயே செழித்து வளர்ந்த ஃபார்ஸ் எனும் அமளி நகைச்சுவை நாடகங்களை இவ்வாண்டு முழுவதும் படித்தோம்.

நாடகாசிரியர் எழேன் லபீஷிலிருந்து தொடங்கினோம். அவர் மார்க் மிஷேலுடன் இணைந்து எழுதி, 1851 ஆகஸ்டில் பலே ரோயால் அரங்கில் மேடையேறிய 'இத்தாலிய வைக்கோல் தொப்பி'யில், மணமான ஒரு பெண்ணின் தொப்பியை மாப்பிள்ளையின் குதிரை தின்றுவிட, அதே போன்ற தொப்பியைத் தேடி அவர் ஓட, விவரம் அறியாத கல்யாணக் கூட்டம் முழுவதும் அவர் பின்னால் நகரெங்கும் அலைகிறது. தேடிய தொப்பி, முதல் அங்கத்திலேயே காது கேளாத மாமா கொண்டுவந்த பரிசுப் பெட்டிக்குள் இருப்பது தெரியவந்தபோது, உறுப்பினர்கள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி வியந்தனர்.

ஆண்டின் பெரும்பகுதியை இன்னொரு நாடகாசிரியரான ஜோர்ஜ் ஃபெதோவுக்கே கொடுத்தோம். 1907 மார்ச்சில் நுவோத்தே அரங்கில் முதலில் நடிக்கப்பட்ட 'காதில் தெள்ளுப்பூச்சி' (மனத்தில் சந்தேகம் அரிக்கத் தொடங்குவதைப் பிரெஞ்சில் இப்படித்தான் சொல்வார்கள்) உட்கார்ந்து படித்தபோது எங்களுக்குப் பிடிபடவே இல்லை. பிறகு, ஃபெதோ மேடைக்குறிப்பில் சொன்ன இடங்களிலேயே மண்டபத் தரையில் கதவுகளையும் மாடிப்படியையும் வெண்கட்டியால் வரைந்து, நடந்துகொண்டே படித்தோம். அன்றுதான் நாடகம் திறந்துகொண்டது. காப்புறுதி நிறுவன இயக்குநர் ஷாந்தெபீஸையும், அவரை அச்சில் வார்த்தாற்போன்ற விடுதிச் சிப்பந்தி போஷையும் ஒரே நடிகர் ஏற்பதால், ஒருவராக ஒரு கதவால் போய் மற்றவராக இன்னொரு கதவால் வருவதற்குத் தேவையான நேரத்தை ஏனையோரின் வசனங்களே ஈட்டித் தருகின்றன. பொத்தானை அழுத்தியதும் கட்டிலோடு சுவர் சுழன்று, அந்த இடத்தில் வாதநோய்க் கிழவர் ஒருவர் படுத்திருக்கும் இரண்டாம் அங்கத்தை நான்கு அமர்வுகளில் படித்தும் ஆவல் தணியவில்லை. சிரிப்புக்குப் பின்னால் இத்தனை கணக்கு இருப்பதை அறிந்த பின்பு, இந்த நாடகங்களை இலேசானவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே நாடகத்தில் வரும், அண்ணக் குறைபாட்டால் மெய்யெழுத்துகளை உச்சரிக்க முடியாத கமீய் என்ற இளைஞனைப் பார்த்துச் சிரிக்கலாமா என்பது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. அவனுடைய பேச்சைக் காட்டிலும், அதைப் பொறுமையாகக் கேட்க மறுப்பவர்களின் அவசரத்தையே முன்னிறுத்தி வாசிப்பதென முடிவு செய்தோம்.

மே மாதம் மொம்பான்சியே தெருவிலுள்ள பலே ரோயால் அரங்கைச் சென்று பார்த்தோம். ஃபெதோ காலத்து நுவோத்தே கட்டடம் 1911இல் இடிக்கப்பட்டுவிட்டது. புவாசொன்னியே சாலையில் இன்று அப்பெயரோடு இயங்குவது 1921இல் திறக்கப்பட்டது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மேற்சொன்ன இரண்டாம் அங்கத்தைத் தமிழாக்கி வரும் ஆண்டில் மேடையேற்ற வேண்டும் என்ற பிரேரணையை, இவ்வறிக்கையுடன் சபையின் அங்கீகாரத்திற்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்