இறந்தவர் என் கணவர்தான்: குடும்ப ஓய்வூதியம் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
காலஞ்சென்ற தமிழாசிரியரின் மனைவி, வயது 67
(பெயர், முகவரி, ஓய்வூதியக் கொடுப்பாணை எண் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

நாள்: 09.03.2026

பொருள்: இறப்புச் சான்றிதழில் கணவரின் புனைபெயர் பதிவானதால் 19 மாதமாகக் குடும்ப ஓய்வூதியம் மறுக்கப்படுவது; பெயரைத் திருத்தி ஓய்வூதியம் கிடைக்க ஆவன செய்யக் கோருவது தொடர்பாக.

பார்வை: என் மனுக்கள், நாள் 03.02.2025, 16.06.2025, 10.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் நான்காவது மனு. முன்பு கொடுத்த மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. அவை தங்கள் பார்வைக்கே வராமல் கீழே தங்கிவிட்டன என்றுதான் நினைக்கிறேன். எந்த அலுவலகம், யார் என்று இதில் எழுதவில்லை. ஒருவர் வேலைக்கு உலை வைப்பதை என் கணவர் விரும்ப மாட்டார். எனக்கு என் காரியம் முடிந்தால் போதும்.

எங்கள் ஊர் தங்களுக்குத் தெரிந்த ஊர்தான். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோன அந்த இரண்டு நாளைக்குப் பிறகு, வாய்க்கால் பாலம் வரை டிராக்டரில் அதிகாரிகள் வந்து இறங்கினார்கள் அல்லவா, அந்தக் கோவில் வாசல்தான் எங்கள் தெருமுனை. தேவாலயத்தையும் கோவில் என்றே சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அன்று வாசலில், கோவில் பொதுவிருந்துக்குச் சமைக்கும் அசன அண்டாவுக்குப் பக்கத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அகப்பையோடு நின்ற பெரியவர்தான் என் கணவர். விவரங்களைக் கீழே தருகிறேன்.

1. என் கணவர் 1978 ஜூன் முதல் 31.05.2011 வரை அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்தார். 33 வருடமும் ஒரே பள்ளி. பள்ளிச் சான்றிதழ், பணிப்பதிவேடு, ஆதார், ஓய்வூதியக் கொடுப்பாணை எல்லாவற்றிலும் அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரே இருக்கிறது. மனைவி என்று என் பெயரும் கொடுப்பாணையில் இருக்கிறது, என் புகைப்படமும் ஒட்டியிருக்கிறது.

2. 1981-ல் அவருடைய கவிதை முதன்முதலாக அச்சில் வந்தது. அன்று வைத்துக்கொண்ட புனைபெயர்தான் பிறகு ஊருக்கே அவர் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளைகளிடம் அவர் இலக்கணப் புத்தகத்தைத் திறக்க மாட்டார். பெஞ்சில் விரலால் தட்டி, "நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா" என்று தாளம் போட வைப்பார். தட்டப் பழகியதும் அவரவர் பெயரைப் பிரிக்கச் சொல்வார். முருகன் புளிமா, பாண்டியன் கூவிளம் என்று வகுப்பே கூப்பாடு போடும். இன்றைக்கு மளிகைக்கடை வைத்திருக்கிற அவருடைய மாணவர் என்னைப் பார்த்தால் இப்போதும், "டீச்சரம்மா, நான் கூவிளம்லா" என்பார். 19 மாதமாக எனக்குக் கடன் கொடுத்துவருவதும் அந்தப் பிள்ளைதான். பற்று நோட்டில் என் கணக்குப் பக்கத்துக்கு மேலே அவன் எழுதியிருப்பதும் அந்தப் புனைபெயர்தான்.

3. கோவிலில் அவர் சம்பளம் வாங்கிய ஊழியர் அல்ல. 40 வருடம் ஞாயிறு பள்ளி நடத்தினார். கிறிஸ்துமஸ் கீத பவனிக்கு வருடம் ஒரு பாட்டு எழுதுவார், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில். பனையேறிகளுக்கு நலவாரிய விண்ணப்பம், விதவைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவில் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார். கிறிஸ்தவர், இந்து என்று அந்தத் திண்ணையில் பார்த்ததில்லை. ஐயா, அவர் கையெழுத்தில் தங்கள் அலுவலகத்துக்கே எத்தனையோ மனு வந்திருக்கும். இந்த மனுவை எழுத அவர் இல்லை.

வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவர் வீட்டைப் பார்க்கவில்லை. அசனப் பண்டிகைக்கு வைத்திருந்த அரிசியை இறக்கி மூன்று நாள் கோவிலில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அப்போது அவருக்கு 70 வயது. நான்காவது நாள்தான் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தோம். கொடுப்பாணைப் புத்தகம், எங்கள் கல்யாணப் பதிவு நகல், அவருடைய கவிதை நோட்டுகள் எல்லாம் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. கருவாடு காயப்போடுவதுபோல ஒவ்வொரு தாளாகப் பிரித்து ஓலைப்பாயில் பரப்பினேன். அவர் முதலில் எடுத்துத் துடைத்தது கொடுப்பாணையைத்தான். "நோட்டு போனா போவுது, இது உனக்கு வேணும்" என்றார். அந்தப் புத்தகத்தின் நகலைத்தான் சேற்றுக் கறையோடு இணைத்திருக்கிறேன்.

4. 11.08.2024 ஞாயிற்றுக்கிழமை காலை, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் கேட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாலிபர் சங்கப் பையன்கள் ஒரு வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மருத்துவமனையில் பெயர் கேட்டபோது பையன்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பிறந்தது முதல் கேட்ட பெயர் அது ஒன்றுதான். இறப்புப் பதிவேட்டில் அதுவே ஏறியது. சான்றிதழிலும் அதுவே. துக்க வீட்டில் யார் அதைப் படித்துப் பார்த்தார்கள்?

5. இனி நான் சொல்வதைத்தான் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். அதே சான்றிதழை ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தில் கொடுத்தேன். உடனே அவருடைய ஓய்வூதியத்தை நிறுத்தினார்கள். தவறுதலாகக் கணக்கில் ஏறியிருந்த ஒரு மாதப் பணத்தைத் திரும்பக் கட்டச் சொன்னார்கள். கழுத்தில் கிடந்ததை அடகு வைத்துக் கட்டினேன், ரசீது இருக்கிறது. பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அதே சான்றிதழை, அதே ஜன்னலில், அதே ஆளிடம் நீட்டினேன். "இதுல இருக்கிறது வேற ஆளும்மா. ரெக்கார்டு பிரகாரம் உங்க வீட்டுக்காரர் இன்னும் சாகல" என்றார்.

நிறுத்துவதற்கு ஒரே ஆள், கொடுப்பதற்கு வேறு ஆளா ஐயா?

சாகவில்லை என்றால் அவருடைய ஓய்வூதியத்தை ஏன் நிறுத்தினீர்கள்? செத்துவிட்டார் என்றால் எனக்குச் சேரவேண்டியதை ஏன் கொடுக்கவில்லை? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். அவருடைய கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்றால்கூட என் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் தாராளம். குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபாயும் இதே பெயரைக் காட்டித்தான் நிற்கிறது. அவர் சம்பாதித்து வைத்துவிட்டுப் போனதைக் கேட்கிறேன், தர்மம் கேட்கவில்லை.

பெயரைத் திருத்த, இறப்பைப் பதிந்த அலுவலகத்துக்குப் போனேன். 1969-ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிரிவு 15-ன்படி, தவறான பதிவை ஓரக் குறிப்பாகப் பதிவாளரே திருத்தலாம். விஷயம் தெரிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்று விதியும் இருக்கிறது. எங்கள் குருவானவரும் அவரோடு வேலை பார்த்த தலைமை ஆசிரியரும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கிராம நிர்வாக அலுவலரும் எழுதித் தந்தார். ஏழு முறை போனேன். காலை ஐந்தரை பஸ், ஆலமர ஸ்டாப்பில் இறங்கி இன்னொரு பஸ், பிறகு மாடிப்படி. எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறுகிறேன். ஒருநாள், அலுவலர் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஒருநாள் சர்வர் இல்லை. ஒருநாள், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை, நாலரை மணிக்கு வாட்ச்மேன் வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்றார். ஏழாவது முறை என்ன சொன்னார்கள் தெரியுமா? "கெசட்டில் பெயர் மாற்றிக்கொண்டு வாங்க."

யார் மாற்றுவது? கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறவர் வந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவாரா? இதைக் கேட்டபோது பக்கத்தில் வரிசையில் நின்ற பெண்பிள்ளை அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. 19 மாதமாக, என் கணவர் செத்துவிட்டார், செத்துவிட்டார் என்று ஒவ்வொரு ஜன்னலாக நானே சொல்லிக்கொண்டு நிற்கிறேன். கட்டினவள் வாயால் எத்தனை தடவை அதைச் சொல்ல வேண்டும்?

6. சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் கிருஷ்ண பிள்ளைக்கு ஹென்றி ஆல்பிரட் என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் அழைத்தது. மூன்றும் ஒருவர்தான் என்பது நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். என் கணவர் அவ்வளவு பெரியவர் என்று சொல்ல வரவில்லை. கவிதை எழுதுகிறவருக்கு இரண்டு பெயர் இருப்பது குற்றம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

7. கல்லறையில் இரண்டு பெயரும் பொறித்திருக்கிறோம். புகைப்படம் இணைத்துள்ளேன்.

ஐயா, கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். நான் கேட்பது இரண்டே காரியம். பதிவாளர் அந்த ஓரக் குறிப்பை எழுதிக் கையொப்பமிட்டுத் திருத்திய சான்றிதழைத் தர வேண்டும். அது கிடைத்ததும், இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு, நிலுவையோடு குடும்ப ஓய்வூதியம் வழங்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும். முடியாது என்றால் எந்த விதிப்படி முடியாது என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். வாய்வார்த்தை வேண்டாம், எழுத்தில் தாருங்கள். அடகுக்கடையில் சித்திரை வரைதான் தவணை. அது நான் கல்யாணத்தன்று போட்டது. திரும்பவும் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து இந்த மனுவையும் கீழே அனுப்பிவிடாதீர்கள். தாங்களே ஒருமுறை படியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்
(கையொப்பம்)

பின்குறிப்பு: என் பழைய செல்போன் கெட்டுவிட்டது. பதிலைத் தபாலில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். உறையில் என் கணவரின் எந்தப் பெயரைப் போட்டு எங்கள் ஊர் பெயரை எழுதினாலும் தபால்காரர் என் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்.