உதவித்தொகையும் ஒரு நிபந்தனையும்

அன்பு மகள் யாழினிக்கு,

நேற்று நீ போனில் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "வாங்கிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்படிச் சுருக்கமாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் பாதிதான் படிப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் தயக்கம் புரிகிறது. ஓய்வுபெற்ற உங்கள் பேராசிரியர் பெயரில் பழைய மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த நிதி. போட்ட முதல் பணத்தைத் தொடாமல் அதிலிருந்து வரும் வருமானத்தைத்தான் வருடத்துக்கு ஒரு ஆராய்ச்சி மாணவருக்குக் கொடுக்கிறார்கள். தொகையும் பெரிதில்லை. அதற்கு வாரம் ஒருநாள் கால்நடை மருத்துவம் படிக்கும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு வேறு எடுக்க வேண்டும். "என் வௌவால் ஆராய்ச்சி வேலை கெட்டுப்போகும்மா" என்றாய்.

கொஞ்சம் கெட்டால் கெடட்டும்.

1999இல் நீ கைக்குழந்தை. அந்த மார்ச் மாதம் இங்கே சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்த 11 பேருக்கு, வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்த நிப்பா வைரஸ் தொற்றி, ஒருவர் இறந்துபோனார். மலேசியாவிலிருந்து பன்றி வருவதை அரசாங்கம் உடனே நிறுத்தியது. நம் வீட்டில் பன்றி சமைப்பதில்லை, ஆனாலும் ஈரச்சந்தைக்குப் போகவே எனக்குப் பயமாக இருந்தது. மலேசியாவில் முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் படுத்தார்கள். அதிலும் பெரும்பாலும் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். பண்ணைகளில் பன்றிகள் குரைப்பது மாதிரி இருமிக்கொண்டிருந்தன. மூளைக்காய்ச்சலில் பன்றி அப்படி இருமாது என்று நீதான் எனக்குச் சொன்னாய். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. எல்லாம் அடங்குவதற்குள் மலேசியாவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், ஏறக்குறைய பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள்.

ஆய்வுக்கூடம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் இந்த இருமல் வழக்கமான இருமல் இல்லை என்று கொட்டகையில் நின்று ஒருவர் கண்டுபிடிக்க வேண்டுமே. அந்தக் காது எங்கே பழகுகிறது? நீ வேண்டாம் என்கிற அந்த முதலாண்டு வகுப்பில்தான்.

உன் முதல் வருடம் நினைவிருக்கிறதா? அந்தப் பேராசிரியர் உன் மணிக்கட்டைப் பிடித்து, பசுவின் இடது பக்க வயிற்றுப் பள்ளத்தில் உன் முஷ்டியை அழுத்தி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றார் என்று சொன்னாய். ஒரு நிமிடத்துக்குள் பெருவயிறு, அதாவது பசுவின் முதல் இரைப்பை, உருண்டு வந்து உன் கையைத் தள்ளியதாம். போனில் கத்தினாய், எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருப்பார். அவற்றைப் பற்றி அந்த வருடம் நீ ஒருநாளும் பேசவில்லை.

சிங்கப்பூரில் கால்நடை மருத்துவப் பட்டம் படிக்கக் கல்லூரி இல்லை. இங்கிருந்து போகிற ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒரு நாட்டுக் கொட்டகையில் யாரோ ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துத்தான் டாக்டராகிறது. தேக்கா சந்தைப் பக்கம் யாரைப் பார்த்தாலும் "உங்க பொண்ணு நாய் பூனை டாக்டரா?" என்றுதான் கேட்கிறார்கள். 1994இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பனில் ஒரு புது வைரஸால் குதிரைகள் செத்த கதையையும், ஹியூம் ஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் அந்தத் தடத்தைப் பிடித்து வௌவால் வரை போனதையும் சொல்ல ஆரம்பிப்பேன். அதற்குள் அவர்களுக்குப் பஸ் வந்துவிடும்.

நானும் ஆசிரியையாக இருந்தவள்தான். வகுப்பு எடுத்தால் நேரம் போகும், திருத்தும் வேலை தூக்கத்தைக் கெடுக்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் முதலாண்டுப் பிள்ளை கேட்கிற மடத்தனமான கேள்விக்குப் பதில் சொல்லப் பார். உனக்கு எது தெரியாது என்று அப்போது தெரிந்துவிடும். அந்த வேலையை உன் மேற்பார்வையாளர்கூடச் செய்ய மாட்டார்.

சரி, வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுதி அனுப்பிவிடு. பேராசிரியருக்குத் தனியாக, கையால் ஒரு கடிதம் எழுது. "பெருமைப்படுகிறேன், கடமைப்பட்டிருக்கிறேன்" எல்லாம் வேண்டாம். வௌவால் வேலை எங்கே நிற்கிறது, எது சிக்கலாக இருக்கிறது என்று எழுது. படித்துவிட்டு இரண்டு யோசனை சொல்வார்.

அப்புறம், வௌவாலைத் தொடுபவர்கள் ரேபிஸ் ஊசி போட்டால் மட்டும் போதாது, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். இந்த முறை பார்த்தாயா இல்லையா? அதற்கு மட்டும் வாட்ஸ்அப்பிலேயே பதில் போடு.

அன்புடன்,
அம்மா