செங்காந்தள் கிழங்கை மலையில் விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்த்திகை வந்தால் பத்திரிகைகளில் செங்காந்தள் படம் வந்துவிடும், உங்கள் இதழிலும் வந்தது, கீழே மாநில மலர் என்று ஒரு வரி. படம் அழகுதான். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் அதன் கிழங்கைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஊர் திண்டுக்கல். சிறுமலைக்கு 20 வருடமாகப் போய் வருகிறேன். முன்பெல்லாம் மழை விட்டதும் சரிவில் புதருக்குப் புதர் இந்தக் கொடி ஏறி நிற்கும். இலையின் நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும், பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகிவிடும். பெண்களின் விரலுக்கு உவமை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே காந்தள்.

போன ஐப்பசியில் நான் பார்த்தது குழிகளைத்தான். தோண்டிப் போட்ட மண்ணோடு கொடி வாடிக் கிடந்தது, பக்கத்தில் கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு ஒன்று ஒடிந்து, வெட்டுவாய் இன்னும் வெள்ளையாக இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டேன். "கண்வலிக் கிழங்குப்பா, நடவுக்குன்னு தோண்டிட்டுப் போறாங்க" என்றார். செங்காந்தளுக்கு இன்னொரு பேர் அது.

ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் பந்தல் போட்டு இதை விதைக்காகவே வளர்க்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கால்சிசின், யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. விவசாயிகளை நான் குறை சொல்லவில்லை. பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி விலகி நிற்பதால் மகரந்தம் தானாகச் சரியாக ஒட்டாது, காலையிலேயே போய் ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டு வைக்க வேண்டும், அவ்வளவு பாடு. ஆனால் நடும் கிழங்கு எங்கிருந்து வருகிறது? ஒரு வியாபாரியிடமே கேட்டேன், "மலைக்கிழங்கு சார், நல்லா வரும்" என்று பெருமையாகச் சொன்னார்.

விதை போட்டால் பூப்பதற்கு மூன்று, நான்கு வருடம் ஆகும், அதனால் எல்லோருக்கும் கிழங்குதான் வேண்டும். கிழங்கின் கொம்பு நுனியில்தான் முளை, தோண்டும்போது அது ஒடிந்தால் மலைக்கும் இல்லை, வயலுக்கும் இல்லை. கோடையில் கொடி காய்ந்து போனாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்கு எழுந்து வரும், அதைத் தோண்டிவிட்டால் எது எழுந்து வரும்?

வயலில் விளைந்த கிழங்கே பெருகுகிறது. அதை வாங்கவும் விற்கவும் தோட்டக்கலைத் துறை ஒரு வழி செய்து கொடுத்தால் யாரும் மலை ஏற வேண்டியதில்லை. அழகுக்காக வீட்டில் வைக்க நினைப்பவர்களும், கிழங்கு உயிரைக் குடிக்கும் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த கார்த்திகைக்கும் நீங்கள் படம் போடுவீர்கள். மாநில மலர் என்ற வரிக்குப் பக்கத்தில், மலையில் தோண்டிய கிழங்கை வாங்காதீர்கள் என்று இன்னொரு வரியும் சேர்த்துப் போடுங்கள்.

வாசகர், திண்டுக்கல்