உலைப் பகுதி எல்.இ.டி. விளக்குகளுக்கு வாரண்டி மறுக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்
மேலாளர், பராமரிப்புத் துறை,
இரும்பு வார்ப்பட ஆலை,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைத் தலைவர்,
தொழிற்சாலை விளக்குகள் பிரிவு.

பொருள்: மெல்ட்டிங் (இரும்பை உருக்கும்), பூரிங் (அச்சில் ஊற்றும்) பகுதிகளுக்கு நீங்கள் தந்த ஹைபே விளக்குகள் (உயரமான கூரையில் தொங்கும் விளக்குகள்) செயலிழந்ததும், வாரண்டியை மறுத்து நீங்கள் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

"மின்சப்ளை தரமாக இல்லை, விளக்கைச் சுற்றியுள்ள வெப்பம் வரம்பைத் தாண்டியுள்ளது, எனவே வாரண்டி பொருந்தாது" என்று உங்கள் சர்வீஸ் பிரிவு அனுப்பிய கடிதம் கிடைத்தது. அந்த இரண்டு காரணங்களைச் சொல்லி வாரண்டியை மறுப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

எங்கள் ஆலையில் இருந்த 64 மெட்டல் ஹாலைடு விளக்குகளையும் கழற்றிவிட்டு, 2023இல் உங்களுடைய 150 வாட் எல்.இ.டி. ஹைபே விளக்குகளைப் போட்டோம். பழையவை 400 வாட். சோக்கையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் 450 வாட் வரை இழுக்கும். நாளுக்கு 20 மணி நேரம் எரிய வேண்டிய இடம் என்பதால் தினமும் 380 யூனிட்டுக்கு மேல் மிச்சம். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் பழைய விளக்கு ஆறி மறுபடி பிரகாசமாக எரியப் பத்து, பதினைந்து நிமிடம் பிடிக்கும். உருகிய இரும்பை லேடிலில் (இரும்பை எடுத்துச் செல்லும் கொப்பரையில்) வைத்துக்கொண்டு அந்த இருட்டில் நின்றவர்களுக்குத்தான் அந்த நிமிடங்களின் அருமை தெரியும். அதனால் எல்.இ.டி.க்கு மாறியதில் எங்களுக்குத் துளியும் வருத்தமில்லை. மெஷின் ஷாப், பெட்லிங் (வார்ப்பைச் சுத்தம் செய்யும் இடம்), டெஸ்பாட்ச் பகுதிகளில் போட்ட 40 விளக்குகளும் இன்றுவரை நன்றாக எரிகின்றன.

உலைப் பக்கம்தான் பிரச்சினை. அங்கே போட்ட 24 விளக்குகளில் 17, இரண்டாவது கோடை முடிவதற்குள் அணைந்துவிட்டன. ஐந்து வருட வாரண்டி என்று சொல்லி விற்ற பொருள் இது. மாற்றாக நீங்கள் அனுப்பிய சிலவற்றின் வெளிச்சம் வேறு நிறத்தில் இருந்தது, அவையும் நிலைக்கவில்லை.

முதலில் சப்ளையை எடுத்துக்கொள்வோம். இண்டக்‌ஷன் பர்னஸ் ஓடும் ஆலையில் ஹார்மோனிக்ஸ் (கரண்ட் அலையின் சிதைவு) இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நன்றாக எரியும் அந்த 40 விளக்குகளுக்கும், போய்விட்ட 17க்கும் கரண்ட் வருவது ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து, ஒரே லைட்டிங் பேனல் வழியாக. கரண்ட்தான் காரணம் என்றால் உலைப் பக்கத்து விளக்குகள் மட்டும் சாவானேன்? உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் எங்கள் கண்முன்னே ட்ரைவர்களை (எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பகுதிகளை) திறந்து பார்த்தார். சர்ஜை (திடீர் மின்னழுத்த எழுச்சியை) தாங்கும் எம்.ஓ.வி. என்ற பாகம் ஒன்றுகூடக் கருகவில்லை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள்தான் உப்பிக் கிடந்தன. அது வெப்பத்தில் வெந்துபோனதன் அடையாளம் என்று அவரே சொன்னார். படங்கள் எங்களிடம் உள்ளன. உங்கள் பதில் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெப்பம் என்ற உங்கள் காரணம் உண்மைதான். ஆனால் அதற்குப் பொறுப்பு உங்களுடையது. ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆள் வந்து, பர்னஸ் ஓடும் நேரத்தில் கிரேன் மேலேறி, கூரையைத் தாங்கும் ட்ரஸ்ஸுக்கு அடியில் காற்றின் சூட்டை அளந்து 58 டிகிரி என்று தன் அறிக்கையில் எழுதினார். அதைப் பார்த்துவிட்டு இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். கொட்டேஷனில் "பவுண்டரிக்கு ஏற்றது, 50,000 மணி நேரம்" என்று எழுதியதும் நீங்கள். 45 டிகிரிதான் உச்சவரம்பு என்று சொல்லும் டேட்டா ஷீட் மறுப்புக் கடிதத்தோடுதான் முதன்முதலாக எங்கள் கைக்கு வந்தது.

அந்த 50,000 மணி நேரத்துக்கு ஆதாரமாக எல்.எம்.-80 சோதனை அறிக்கையைக் காட்டினீர்கள். அது எல்.இ.டி. சில்லின் வெளிச்சம் காலப்போக்கில் எவ்வளவு குறைகிறது என்பதற்கான சோதனை. ட்ரைவர் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது உங்கள் வடிவமைப்பாளர்களுக்குப் புதிய செய்தியல்ல. போதாததற்கு, எங்கள் மணலும் இரும்புத் தூசியும் விளக்கின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் துடுப்புகளின் மேல் போர்வை போலப் படிகின்றன. ஐ.பி. 65 என்ற பாதுகாப்புத் தரம் தூசியை உள்ளே விடாது, சரி. வெளியே படிவதால் உள்ளேயிருக்கும் சூடு இறங்காமல் போவதற்கு அது என்ன செய்யும்? பவுண்டரிக்கு ஏற்றது என்று எழுதுகிறவர் இதையெல்லாம் யோசித்துத்தானே எழுத வேண்டும்.

என்ன வேலைக்கு வேண்டும் என்று வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவு.

ஆனால் எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை பூரிங் லைனில் நிற்கும் ஆட்களைப் பற்றியது. 1,400 டிகிரியை ஒட்டிய இரும்பின் ஒளியைப் பார்த்த கண்ணுக்கு, திரும்பியதும் மங்கலான தரை கறுப்பாகத்தான் தெரியும். வார்ப்பு அச்சுப் பாக்ஸ் எங்கே, சிந்திக் கிடக்கும் இரும்பு எங்கே, மணல் எங்கே ஈரமாக இருக்கிறது என்று எதுவும் புலப்படாது. ஈரத்தின் மேல் உருகிய இரும்பு விழுந்தால் வெடித்துச் சிதறும். கீழே நிற்பவர் காட்டும் கைச்சைகை தெரியவில்லை என்று கிரேன் ஆபரேட்டர் லேடிலை அந்தரத்தில் நிறுத்திய சம்பவமும் நடந்தது. விளக்குகளை ஒப்படைத்தபோது 200 லக்ஸுக்குக் குறையாமல் இருந்த இடத்தில் இப்போது 60 கூடத் தேறவில்லை. போதுமான வெளிச்சம் தருவது சட்டப்படி எங்கள் கடமை. ஆகவே வாடகைக்கு எடுத்த ஃப்ளட் லைட்டுகளைத் தற்காலிகமாகத் தூண்களில் கட்டிச் சமாளிக்கிறோம். அவை கண்ணில் நேராக அடிக்கின்றன.

ஒரு விளக்கை மாற்றுவதும் சாதாரண வேலை அல்ல. கிரேனை நிறுத்தி, கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டரைப் பூட்டி, பெல்ட் போட்டு ஆளை மேலே ஏற்ற வேண்டும். அதுவரை இரும்பு பர்னஸிலேயே காத்திருக்கும். கரண்டும் செலவாகும், கார்பனும் இறங்கும், காஸ்டிங்கில் சில் (இரும்பு கெட்டியாகி எளிதில் உடையும் குறை) விழும்.

எனவே அந்த 24 இடங்களுக்கும், குறைந்தது 65 டிகிரி தாங்கும் என்று நீங்கள் எழுத்தில் உறுதி தரும் விளக்குகளை இலவசமாகப் போட்டுத்தர வேண்டும். ட்ரைவர்கள் விளக்கோடு சேர்ந்து இருக்கக் கூடாது. கேபிள் இழுத்து, தூணில் ஆள் நின்று கைவைக்கும் உயரத்தில் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். மூடி பாலிகார்பனேட் வேண்டாம், டெம்பர்டு கிளாஸ். பொருத்திய பிறகு, பர்னஸ் முழு லோடில் ஓடும்போது எங்கள் முன்னிலையில் ட்ரைவரின் டி.சி. (Tc) பாயிண்ட், அதாவது அதன் உறையில் குறித்திருக்கும் இடத்தின் வெப்பத்தை அளந்து, அந்தச் சூட்டில் அதன் ஆயுள் எவ்வளவு என்ற வரைபடத்தோடு அறிக்கை தர வேண்டும். இதுவரை கிரேன் நின்ற நேரத்துக்கான செலவும் ஃப்ளட் லைட் வாடகையும் உங்களைச் சேர்ந்தவை, கணக்கை இணைத்துள்ளேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 21 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வேலை முடியும்வரை நிறுத்தி வைத்துள்ள 10 சதவீதப் பாக்கித் தொகை விடுவிக்கப்படாது. பதில் வராவிட்டால் உங்கள் சைட் அறிக்கை, கொட்டேஷன், ட்ரைவர் படங்கள் மூன்றையும் எங்கள் வழக்கறிஞரிடம் ஒப்படைப்போம்.

இப்படிக்கு,
மேலாளர், பராமரிப்புத் துறை

இணைப்பு: சைட் ஆய்வறிக்கை நகல், கொட்டேஷன் நகல், ட்ரைவர் படங்கள், லக்ஸ் அளவீடுகள், செலவுக் கணக்கு.