மணநிலை கேட்காத மரியாதைச் சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலக் கடிதங்களில் பெண்களின் பெயருக்கு முன் எழுதப்படும் ‘எம்எஸ்’ (Ms) என்ற இரண்டெழுத்து அடைமொழி, மணவிலக்குப் பெற்றவர்களுக்கும் கணவரைப் பிரிந்து வாழ்பவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இன்னும் நிலவுகிறது. இந்தத் தவறான எண்ணத்தால், மரியாதையாக எழுதப்பட்ட கடிதமே பெண்களைப் புண்படுத்திவிடுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

‘மிஸ்’, ‘மிசஸ்’ இரண்டுமே ‘மிஸ்ட்ரஸ்’ என்ற ஒரே சொல்லின் சுருக்கங்கள். 18ஆம் நூற்றாண்டில்கூட, வீட்டையோ தொழிலையோ நிர்வகித்த மதிப்புக்குரிய பெண், மணமாகாதவராக இருந்தாலும், ‘மிசஸ்’ என்று குறிப்பிடப்பட்டதுண்டு. மணமானவர், மணமாகாதவர் என்ற கறாரான பிரிவினை அதற்குப் பின் நிலைபெற்றதே. ஆண்களுக்கு மட்டும் ‘மிஸ்டர்’ என்ற ஒன்றே எந்த நிலையிலும் போதுமானதாக இருந்தது. முன்பின் அறியாத பெண்ணை எப்படி விளிப்பது என்ற சங்கடத்தைத் தீர்க்க, அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர நாளிதழ் ஒன்று 1901ஆம் ஆண்டிலேயே, மணநிலையைக் குறிக்காத ‘எம்எஸ்’ என்பதை முன்மொழிந்தது. 1960களில் அமெரிக்கப் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஷீலா மைக்கேல்ஸ் இதை வலியுறுத்தினார். 1972இல் இதே பெயரில் ஓர் இதழும் தொடர்ந்து வெளிவரத் தொடங்கியது.

ஆயினும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1986 வரை இதை ஏற்கவில்லை. 1984இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜெரால்டின் ஃபெராரோ, ஜான் சக்காரோ என்பவரை மணந்த பிறகும் தந்தை வழிக் குடும்பப் பெயரையே பயன்படுத்தினார். மணமானவர் என்பதால் ‘மிஸ்’ பொருந்தாது. கணவரின் பெயர் ஃபெராரோ அல்ல என்பதால், மரபுப்படி பார்த்தால், ‘மிசஸ் ஃபெராரோ’ என்பதும் பொருந்தாது. அந்த நாளிதழோ அவரை ‘மிசஸ் ஃபெராரோ’ என்றே எழுதிவந்தது.

அவருக்கு நேர்ந்த இந்தச் சிக்கல் தமிழ்ப் பெண்கள் பலருக்கு அன்றாடம் நேர்வது. ‘மிசஸ்’ என்பது கணவரின் குடும்பப் பெயரோடு சேர்த்து எழுதப்படுவதற்காக வளர்ந்த மரபு. நம்மிடையே குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பெண்ணின் இயற்பெயரும் ஒரு தலைப்பெழுத்துமே உண்டு, அதுவும் மணமான பிறகு சிலருக்கு மாறுகிறது, சிலருக்குத் தந்தையின் பெயரிலேயே நிற்கிறது. எனவே அந்த ஆங்கில மரபு நம் பெயர்களோடு ஒட்டுவதே இல்லை. ‘எம்எஸ்’ என்று எழுதினால் எந்தத் தலைப்பெழுத்தாயினும் பிழை நேராது.

‘மிசஸ்’ என்றே தம்மைக் குறிப்பிட விரும்பும் பெண்ணை அவ்வாறே எழுதுவதுதான் முறை; முனைவர், மருத்துவர் பட்டம் பெற்றவர்களை அந்தப் பட்டத்தோடு எழுத வேண்டும். ஆனால் விருப்பம் தெரியாத நிலையில் ‘எம்எஸ்’ என்பதே பொதுவான வழக்காக வேண்டும். பேசும்போது இதை எழுத்தெழுத்தாக அன்றி, ‘மிஸ்’ போல ஒரே சொல்லாக ஒலிக்க வேண்டும், ஆனால் இறுதி ஒலி மட்டும் ஆங்கில ‘z’ போல் அதிர்ந்து ஒலிக்கும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லித்தரலாம்.

வங்கிகளும் கல்லூரிகளும் தங்கள் ஆங்கில விண்ணப்பப் படிவங்களில் இந்த வாய்ப்பை முதலாவதாக அச்சிட வேண்டும் என்றும், தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இதன் சரியான பயன்பாட்டை விளக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தஞ்சாவூர்.